கார்டு யார் கையில

அண்ணாச்சி, கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உக்காந்தீங்கன்னா இந்தப் பையை நடுவுல வச்சுக்கிடுவேன். மேல வைக்கப்படாதான்னா, வைக்கலாம். எல்லாரும் அங்கதான் வைக்காங்க. இறங்கும்போது யார் பையை யார் தூக்கிட்டுப் போறாங்கன்னு யார் கண்டா? எது ஆனாலும் என் கையில இருக்கணும், நான் அப்படியே பழகின ஆளு. நீங்க மதுரை மாட்டுத்தாவணியா? நான் மண்டேலா நகர்ல இறங்கணும், ஏர்போர்ட்டுக்கு. நான் எங்கயும் பறக்கல. ஒரு ஆளைப் பாத்து ஒரு சாமானைக் குடுக்கணும், அவ்வளவுதான்.

தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேக்கேன். உங்க வீட்டம்மாவுக்கு பேங்க் கார்டு இருக்குல்லா, அது யார் கையில இருக்கு? அவங்க கையிலயேவா. சரி, சரி. அது உங்க வீட்டு வழக்கம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கோவில்பட்டிக்காரன் ஒருத்தன் பஸ்ஸுல உக்காந்து சொன்னான்னு என்னைக்காவது ஞாபகம் வரும்.

நான் சப் ட்ரெஷரியில இருந்து ரிட்டயர் ஆனவன். பேரு கோமதிநாயகம். எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க, ட்ரெஷரி கோமதிநாயகமா, அந்த ஆளுகிட்டப் போகவான்னு தயங்குவாங்க. பயம் இல்ல, மரியாதை. பென்ஷன்காரங்க உயிரோட இருக்கோம்னு காட்ட வருஷா வருஷம் வருவாங்கல்லா, ஆள் நேர்ல வரணும்னு நிப்பேன். ஒரு வாத்தியார் பக்கவாதத்துல படுத்துக் கிடக்கார்னு அவர் மகன் வந்து அழுதான். அழுதா என்ன செய்ய? கட்டிலோட கொண்டாப்பான்னேன். கொண்டாந்துட்டான். ஆபீஸ் வாசல்ல கட்டிலை இறக்கி, நான் வெளிய வந்து பாத்து, சரி இருக்காருன்னு எழுதிக்கிட்டேன். துட்டு ஒரு பைசா வெளிய போகணும்னாலும் எதுக்குன்னு கேக்கணும், அண்ணாச்சி. ஆபீஸ்ல கேட்டதைத்தான் வீட்டுலயும் கேட்டேன். கேக்கிறது ஒரு குத்தமா?

வீட்டுக்காரி பேரு செண்பகவல்லி. பெண்கள் ஹையர் செகண்டரியில கணக்கு டீச்சர். என்னைவிடச் சம்பளம் கூட, அதை நான் ஒரு நாளும் பெருசா எடுத்துக்கிட்டதில்ல. கல்யாணமான மொத மாசமே சம்பளத்தைக் கொண்டாந்து என் கையில குடுத்தா. சத்தியமா நான் வாயைத் திறந்து கேக்கல. கையை நீட்டினேன், அவ்வளவுதான். பெறவு பேங்க்ல போட ஆரம்பிச்சாங்க, கார்டு வந்துச்சு. அதையும் நானே வச்சுக்கிட்டேன். பொம்பளையாளு மிஷினுக்கு முன்னாடி நின்னா பின்னாடி எவன் நிக்கானோ, எதைப் பாக்கானோ. அவ பாதுகாப்புக்குத்தான் எல்லாம். அவ கணக்குக்கு ஒரு போன் நம்பர் வேணும்னாங்க, என் நம்பரைக் குடுத்தேன். ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு நம்பர்?

வேணும்னா கேப்பா. எதுக்குன்னு கேப்பேன். சொல்லுவா, குடுப்பேன். மீதிச் சில்லறையைக் கொண்டாந்து டிவி மேல வச்சிருவா, நான் கேக்காமலே வைப்பா. அப்படி ஒரு ஒழுங்கு. இத்தனை வருஷத்துல எங்க வீட்டுல ஒரு சண்டை கிடையாது. தெருவுல யாரை வேணாலும் விசாரிங்க, அவ குரலைக்கூடக் கேட்டிருக்க மாட்டாங்க.

அப்படி இருந்த வீட்டுலதான் வெளிநாட்டு டூருன்னு ஒண்ணு வந்து பூந்துச்சு. அவ ரிட்டயர் ஆன பெறவு. கூட வேலை பாத்த டீச்சருங்க கொஞ்சம் பேரு, அதுக்குத் தலைவி ஜெயராணி டீச்சர். அந்தம்மா வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டார், கேக்க ஆளில்ல. இவங்க எல்லாம் சேந்து வியன்னா, ப்ராக், புடாபெஸ்டுன்னு சுத்தப் போறாங்களாம். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், இவ ரசத்தை ஊத்திக்கிட்டே, “நானும் போயிட்டு வாறேன்”ங்கா. கவனிச்சீங்களா? போகட்டுமான்னு கேக்கல. வாய் தவறிருச்சு போலன்னு நான் பெருந்தன்மையா விட்டுட்டேன். ஆனா தனியா விட முடியுமா? அன்னைக்கே ஜெயராணி டீச்சருக்கு போன் போட்டு, நானும் வாறேன், கவலைப்படாதீங்க, ஆம்பளைத் துணை இருக்குன்னு சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. சந்தோஷத்துலதான்.

துட்டுக்கு என்ன செஞ்சேன்னா கேக்கீங்க. அவ ரிட்டயர்மெண்ட் பணம் வந்திருந்துச்சுல்லா, அதுல இருந்துதான் ரெண்டு பேருக்கும் கட்டினேன். கட்டினது நான்தான். கியூவுல நின்னு கட்டினேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி டூர்க்காரர் மதுரையில ஒரு கூட்டம் போட்டு, எல்லாரையும் உக்காத்தி வச்சுப் பாடம் எடுத்தார். டிராவல் கார்டுன்னு ஒண்ணு இருக்காம், அதுல இங்கயே யூரோவா போட்டு எடுத்துட்டுப் போயிரணுமாம். நம்ம பேங்க் கார்டை ஒண்ணுக்கு ரெண்டா வச்சுக்கிடணுமாம், வெளிநாட்டுல வேலை செய்யுற மாதிரி முன்கூட்டியே திறந்து விடணுமாம். பேங்க்ல குடுத்திருக்கிற நம்பர் உள்ள போன் கண்டிப்பா கையில இருக்கணுமாம். நான் எந்திரிச்சு நின்னேன். இந்தக் கார்டுல உமக்கு எத்தனை சதவீதம்யான்னு கேட்டேன். செண்பகவல்லி குனிஞ்சுக்கிட்டா. புருஷன் நாலு பேர் மத்தியில நியாயத்தைக் கேட்டா பெருமைப்படணும்லா, குனிஞ்சுக்கிட்டா.

என் ஏற்பாடு எப்படித் தெரியுமா? இடுப்புல ஒரு பெல்ட் பை. அதுக்குள்ள என் கார்டு, அவ கார்டு, ரெண்டு பேர் பாஸ்போர்ட்டு, கொஞ்சம் யூரோ. எல்லாம் ஒரே இடத்துல, என் உடம்போட. என் கார்டை மட்டும் பேங்க்ல சொல்லி வெளிநாட்டுக்குத் திறந்து விட்டேன். அவ கார்டை எதுக்குத் திறக்க, நான்தான் பக்கத்துலயே இருக்கேனே. அடுத்தது போன். ரோமிங்குன்னு ஒண்ணு போடுவான், எடுத்தாலும் துட்டு, எடுக்காட்டாலும் துட்டு. அதனால என் போனை வீட்டுல பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன். பேங்க்ல இருந்து மெசேஜ் ஏதும் வந்தா என்ன செய்யன்னு அவ கேட்டா. வந்தா அங்கயே கிடக்கட்டும், திரும்பி வந்து பாத்துக்கிடலாம்னேன். போட்டோ எடுக்கத்தான் அவ போன் இருக்கே.

வியன்னா நல்லாத்தான் போச்சு. யூரோ மட்டும் அங்கயே தீந்துபோச்சு, ஒரு காப்பிக்கு அவன் சொல்லுற விலைக்கு எங்க ஊர்ல ஒரு நேரம் குடும்பத்தோட சாப்பிட்டுட்டு பீடாவும் போட்டுட்டு வரலாம். ப்ராக்குக்கு வந்தா அங்க யூரோ இருந்தாக்கூட வாங்க முகத்தைச் சுளிக்கான், கொருனான்னு அவன் துட்டு வேற. சரின்னு, தெருமுனைச் சுவத்துல இருந்த ஒரு மிஷின்ல கார்டைப் போட்டேன். அது என்ன கேக்குதுங்கீங்க? ரொம்ப மரியாதையா, உங்க நாட்டு ரூபாயிலயே கணக்கை முடிச்சிரட்டுமான்னு கேக்குது. அண்ணாச்சி, கடல் கடந்து எங்கயோ கிடக்கிற ஒரு மிஷினுக்கு நம்ம ரூபாயைத் தெரியுது. எனக்கு நெஞ்சு நிமிந்துபோச்சு.

இவ பின்னாடி நின்னுக்கிட்டு, வேண்டாங்க, அவங்க கொருனாக் கணக்குலயே எடுங்க, நம்ம ரூபாயிலன்னு அமுக்கினா மிஷின்காரன் வச்சதுதான் விலைன்னு டூர்க்காரர் சொன்னார்லாங்கா. நம்ம ரூபாயை வேண்டாம்னு சொல்லச் சொல்லுதியா, உனக்கு நாட்டுப்பற்று இருக்கான்னு கேட்டுட்டு அமுக்கினேன். துட்டு வந்துச்சு. இவ வானத்தைப் பாத்து மனசுக்குள்ளயே கணக்குப் போட்டு, நூத்துக்குப் பதினஞ்சு போச்சுங்கன்னு சொன்னா. போனா என்ன, நாட்டுக்குத்தானே போச்சுன்னேன்.

“எந்த நாட்டுக்கு?”ன்னு கேட்டா.

பாத்தீங்களா, அங்கதான் ஆரம்பம். கோவில்பட்டியில இருந்திருந்தா அந்தக் கேள்வி அவ வாயில இருந்து வந்திருக்குமா? அந்த ஊர்க் குளிர்ல என்னமோ இருக்கு.

மறுநாள் வேற ஒரு மிஷின்ல போட்டேன். கார்டை வெளிய துப்பிருச்சு. சவத்து மிஷின்னு திட்டிட்டு இன்னொண்ணுல போட்டேன், அதுவும் துப்பிருச்சு. கடையில குடுத்தா அந்தப் பொண்ணு உதட்டைப் பிதுக்குதா. கடைசியில இவ போன்ல லைன் கிடைச்சுது, அதை வாங்கி பேங்க்குக்கு அடிச்சேன். அங்க இருந்த பிள்ளை இங்கிலீஷ்ல தேனா பேசுது. யாரோ உங்க கார்டை வெளிநாட்டுல திருடிட்டாங்கன்னு நினைச்சு கம்ப்யூட்டரே நிறுத்தி வச்சிருக்கு சார், நீங்கதானான்னு கேட்டு உங்க போனுக்கு மெசேஜ் அனுப்பிருக்கோம்ங்குது. நான்தாம்மா, நான்தான் பேசுதேன், சப் ட்ரெஷரி ஆபீசர் ரிட்டயர்டு, கோமதிநாயகம்னேன். சந்தோஷம் சார், இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் வாசிங்க, திறந்து விட்டிருதேன்ங்குது.

அந்த நம்பர் எங்க வந்திருக்கும்? கோவில்பட்டியில, என் பெட்ரூம்ல, பீரோவுக்குள்ள, வேட்டி அடுக்குக்குக் கீழ. சாவி எங்க? ப்ராக்ல, என் இடுப்புல. நான் நேர்ல பேசுதேன்மா, என் குரலைக் கேட்டா தெரியலையான்னு கேட்டேன். நம்பர் இல்லாம நீங்க நீங்கதான்னு எங்களால ஏத்துக்க முடியாது சாருன்னு சொல்லிட்டு, இனிய நாளாகட்டும்னு வச்சிருச்சு. என்ன ஒரு திமிரு. உயிரோட ஒரு மனுஷன் பேசுதான், அவனை அவன் இல்லங்கிறது எந்த ஊர் நியாயம்?

செண்பகவல்லியோட தம்பி ஆவுடையப்பன், செடிக்குத் தண்ணி ஊத்த வீட்டுச் சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு. இவ அவனுக்கு போன் போட்டா. அத்தான், பூட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்து பீரோவைத் திறந்து நம்பரைச் சொல்லிருதேன்னான். நான் ஒரே அடியா வேண்டாம்னுட்டேன். மச்சினன்தான், நல்ல பையன்தான். ஆனா பீரோவை ஒருத்தன் திறந்து பாத்துட்டான்னா பெறவு பீரோவுக்கு என்ன மதிப்பு? உள்ள இவ நகை இருக்கு, இவ பாஸ்புக்கு இருக்கு. இவ சொல்லுதா, என் நகைதானே, என் பாஸ்புக்குதானே, என் தம்பிதானேங்கா. சரி, அவ கார்டாவது வேலை செய்யுமான்னு பாத்தேன். அதை வெளிநாட்டுக்குத் திறக்கவே இல்லயே. திறக்கணும்னா அதுக்கும் ஒரு நம்பர் வரும், அதுவும் அதே பீரோவுக்குள்ளதான் வரும்.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. உங்களுக்கு வந்திருந்தா தெரியும்.

அன்னைக்கு மத்தியானம் ஒரு பெரிய மணிக்கூண்டைப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு சுகர் உண்டு. கூட்டத்துல நிக்கும்போது முட்டிக்கிட்டு வருது. அந்த ஊர்ல அதுக்கும் துட்டு. வாசல்ல பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரு அம்மா உக்காந்திருந்தா கெஞ்சியாவது பாக்கலாம், ஆளே கிடையாது, ஒரு இரும்புக் கதவும் மிஷினும்தான் நிக்கிது. கார்டைக் காட்டினா திறக்கும். நான் என் கார்டைக் காட்டினேன், சிவப்பு லைட்டு. அவ கார்டைக் காட்டினேன், அதுக்கும் சிவப்பு லைட்டு. பின்னாடி வெள்ளைக்காரனுங்க வரிசையா நிக்காங்க. நான் கால் மாத்திக் கால் மாத்தி நிக்கேன். அப்ப இவ வந்தா. கைப்பையைத் திறந்தா. நீலக் கலர்ல ஒரு கார்டை எடுத்து மிஷின்ல ஒரு தட்டு தட்டினா. பச்சை லைட்டு வந்து கதவு திறந்துருச்சு. எங்கம்மாவுக்குப் பெறவு என்னை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போன பொம்பளை இவதான் அண்ணாச்சி, அதுவும் அறுபத்தி மூணு வயசுல.

வெளிய வந்ததும் மொத வேலையா, இது ஏதுன்னு கேட்டேன். டிராவல் கார்டுங்கா. அதுக்கு ஏது துட்டுன்னு கேட்டேன். வருஷா வருஷம் பப்ளிக் பரீட்சை பேப்பர் திருத்தப் போவால்லா, அதுக்குக் குடுக்கிற பணமாம். சனிக்கிழமை சனிக்கிழமை ஜெயராணி டீச்சர் வீட்டுல பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த துட்டும் சேந்ததாம். நான் அவ சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போறான்னுல்லா நினைச்சிக்கிட்டு இருந்தேன். அம்புட்டையும் வேற ஒரு பேங்க்ல தனியாக் கணக்கு ஆரம்பிச்சுப் போட்டு வச்சிருக்கா. அந்தக் கணக்குக்குக் குடுத்த போன் நம்பர் அவளோடது. புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு எந்த பேங்க்குக்கும் தோணலை, பாருங்க.

அதுக்குப் பெறவு நான் பட்டதை யார்கிட்ட சொல்ல? எது வேணும்னாலும் அவகிட்டதான் போயி நிக்கணும். ஒரு டீ குடிக்கணும்னு தோணிச்சுன்னா அவ எங்க நிக்கான்னு தேடிக்கிட்டுப் போகணும். நாலு டீச்சருங்க மத்தியில நிப்பா. அவங்க பேச்சு முடியுற வரைக்கும் ஓரமா நிக்கணும். கொஞ்சம் துட்டு குடும்மான்னா, திரும்பிப் பாத்து, “எதுக்கு?”ங்கா. கோபமா இல்ல. சாதாரணமாத்தான் கேட்டா. அதுதான் அண்ணாச்சி வலிச்சுது. படிச்ச மனுஷன், ஒரு ஆபீஸை நடத்தினவன், அவன்கிட்ட போயி எதுக்குன்னு கேக்கலாமா? ஒரு டீக்கு நான் காரணம் சொல்லணுமா? ஒரு கைத்தடி பாத்தேன், புலித்தலை போட்டது, நல்லா இருந்துச்சு. வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கேங்கா. இருக்கு. இருந்தா என்ன? ஒரு மனுஷனுக்கு ஆசைன்னு ஒண்ணு கிடையாதா? கடைசியில வாங்கித் தந்தா, இல்லன்னு சொல்லல. ஆனா கேட்டு வாங்கினதுக்கு ஒரு ருசி இருக்கா? அந்தத் தடியை நான் ஊன்றதே இல்ல.

இன்னொண்ணு கேளுங்க. ஆத்தங்கரையில ஒரு காப்பிக் கடை. எல்லாரும் உக்காந்திருக்கோம். இவ தனக்குன்னு ஒரு கேக்கு சொல்லுதா. யாரையும் பாக்கல, விலையையும் பாக்கல. உங்களுக்கு வேணுமான்னு என்னைக் கேட்டா. வேண்டாம்னேன். சரின்னுட்டா. ரெண்டாவது தடவை கேக்கல. நீங்களே சொல்லுங்க, நம்ம ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்னா அர்த்தம்? இன்னொரு தடவை கேக்கணும், கொஞ்சமா எடுத்துக்கிடுங்கன்னு சொல்லணும், பெறவுதான சாப்பிடுவோம். இவ ஒரு சின்னக் கரண்டியை வச்சு, அவ்வளவு மெதுவா, ஆத்தைப் பாத்துக்கிட்டு அந்தக் கேக்கைத் தின்னா. வீட்டுல அவ உக்காந்து சாப்பிட்டு நான் பாத்த ஞாபகமே இல்ல. அன்னைக்குத்தான் பாத்தேன், அவளுக்குக் கன்னத்துல குழி விழும்.

எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்த ஊர்ல ஒரு பழைய பாலம் இருக்கு, ரெண்டு பக்கமும் சிலையா நிக்கும். அதுல நடக்கும்போது தனியாப் பிடிச்சுக் கேட்டேன், இந்தக் கார்டை எப்ப எடுத்தன்னு. டூருக்கு நான் வாறேன்னு சொல்லுறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சாம். கூட்டத்துல டூர்க்காரர் சொல்லும்போது அது கைப்பையிலதான் இருந்துச்சாம்.

“அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?”ன்னேன்.

“உங்களுக்குன்னு எடுக்கலயே. நான் தனியா வரணும்னுதான் எடுத்தேன்.”

“நான் வாறேன்னு சொன்னப்ப வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?”

அவ நின்னா. பெறவு, “நீங்க என்னைக் கேக்கலயே. ஜெயராணி டீச்சருக்குல்லா போன் போட்டீங்க”ன்னா.

நான் அதை விளையாட்டாத்தான் எடுத்துக்கிட்டேன். அவளுக்கு அப்பப்ப இப்படிக் குசும்பு உண்டு. தனியா வரணும்னு எந்தப் பொம்பளையாவது நினைப்பாளா? குளிரு வேற, பயணக் களைப்பு வேற, ஏதோ வாயில வந்துட்டுன்னு விட்டுட்டேன். அப்ப இத்தனை மாசம் கழிச்சு அதை இன்னும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வச்சிருக்கேனே, அது எதுக்குங்கீங்களா? எனக்கு ஞாபகசக்தி அதிகம். ஆபீஸ்லயே சொல்லுவாங்க.

திரும்பி வந்து பீரோவைத் திறந்தா, போன் சார்ஜ் போயி செத்துக் கிடக்கு. சார்ஜ் போட்டதும் வரிசையா வந்து விழுது, நீங்கதானா, நீங்கதானா, நீங்கதானான்னு. அப்ப இவ பின்னாடி வந்து நின்னு கையை நீட்டினா. என் பென்ஷன் வாற பேங்க் கார்டைக் குடுங்கன்னா. இப்ப என்ன அவசரம், பாக்கலாம்னேன். அவ சத்தம் போடலை. மறுநாள் காலையில குளிச்சு, நல்ல சேலை கட்டிக்கிட்டுப் பேங்க்குக்குப் போனா. போன் நம்பரை மாத்தி, பழைய கார்டை ரத்து செஞ்சு, புதுசுக்கு எழுதிக் குடுத்துட்டு, வாற வழியில கத்தரிக்காய் வாங்கிட்டு வந்து குழம்பு வச்சா. குழம்பு நல்லா இருந்துச்சு. அதைச் சொல்லணும்லா.

நான் விடுவேனா? நேரா மேனேஜரைப் பாக்கப் போனேன். பொம்பளை மேனேஜர், நமக்கு மக வயசு இருக்கும். என் வீட்டுக்காரி கார்டை என்னைக் கேக்காம எப்படி ரத்து செய்யலாம்னு கேட்டேன். சார், அவங்க கார்டு, அவங்க நேர்ல வந்தாங்கன்னுட்டா. நேர்ல வந்தாங்கங்கா, என்கிட்டயே. ஆள் நேர்ல வரணும்னு இந்த ஜில்லாவுக்கே கத்துக் குடுத்தவன் நான். எந்திரிச்சு வந்துட்டேன். அந்தப் பழைய கார்டு இன்னும் என் பர்ஸுலதான் இருக்கு. இந்தா, பாருங்க. வெறும் பிளாஸ்டிக். வெட்டிப் போட்டிருங்கன்னு அவ சொன்னா. மனசு வரல.

இப்ப வீட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சமைக்கா, பேசுதா, மாத்திரையை எடுத்துக் குடுக்கா. துட்டு மட்டும் கேக்கிறதில்ல. நீங்க நினைப்பீங்க, நல்லதுதானேன்னு. ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்தோம்னா முன்னெல்லாம் ஏதாவது ஒண்ணு கேப்பா, பால்காரனுக்குக் குடுக்கணும், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதணும்னு. நான் கேப்பேன், அவ சொல்லுவா, அப்படியே பேச்சு போகும். இப்ப கேக்கிறதுக்கு அவளுக்கு ஒண்ணும் இல்ல. நாங்க வேற எதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்னு எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. ஞாபகம் வர மாட்டேங்குது. வீடு பேயறைஞ்ச மாதிரி கிடக்கு.

சாத்தூர் தாண்டியாச்சா? டிரைவர் கொஞ்சம் அமுக்கலாம். பிளைட்டு சாயங்காலந்தான், ஆனா உள்ள போயிட்டாங்கன்னா வெளிய விட மாட்டான்.

ஆமா, அவதான். ஜப்பான் போறா. சிங்கப்பூர் போயி அங்க இருந்து மாறிப் போறாங்களாம், அதே டீச்சர் கூட்டம். இந்தத் தடவை நான் வாறேன்னு சொல்லலையான்னு கேக்காதீங்க. எனக்கே போன வாரம்தான் தெரியும். பாஸ்போர்ட்டு அவகிட்ட, டிக்கெட்டு அவகிட்ட. காலையில ஜெயராணி டீச்சர் வேன் வந்துச்சு. வேன்ல இடமும் இல்ல, பெட்டியா அடுக்கி வச்சிருந்தாங்க. பிரிட்ஜ்ல மூணு நாளைக்கு குழம்பு இருக்கு, பெறவு ஆவுடையப்பன் வீட்டுல சாப்பிட்டுக்கிடுங்கன்னா. எதும் துட்டு வேணுமா, வச்சிட்டுப் போகட்டுமான்னு என்னைக் கேட்டா, என் பென்ஷன் எனக்கு வருதுங்கிறதை மறந்துட்டு. வேண்டாம்னேன். ரெண்டாவது தடவை கேக்கல.

வேன் போன பெறவு வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. அவளுக்கு என்ன ஆகுமோன்னு இல்ல அண்ணாச்சி, அவளுக்கு ஒண்ணும் ஆகாது, அது தெரிஞ்சுபோச்சு. அதுதான் பயம். உடனே இந்தப் பையை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

இதுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டீங்கள்லா. என் கார்டு. எனக்கு வந்த புதுக் கார்டு, ஜப்பான்ல வேலை செய்யும், நேத்துத்தான் பேங்க்ல போயித் திறந்து விட்டுட்டு வந்தேன். காலையில குடுக்க வாய் வரல, இப்ப அதை அவ கையில குடுத்திரப் போறேன். இந்தா, இதையும் வச்சுக்கோ, ஒரு அவசரத்துக்கு ஆகும்னு. என் வாழ்நாள்ல இந்த மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ முகம் எப்படிப் போகும்னு பாக்கணும்.

நம்பரா? ரகசிய நம்பரை ஒரு துண்டுத்தாள்ல எழுதி வச்சிருக்கேனான்னு கேக்கீங்க. அங்கதான் அண்ணாச்சி நம்ம மூளை. நம்பரைக் குடுக்க மாட்டேன். கார்டு மட்டுந்தான். துட்டு எடுக்கணும்னா நம்பர் வேணும்லா, நம்பர் வேணும்னா எனக்குப் போன் பண்ணணும்லா. அங்க மிஷினுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, ஏங்க, நம்பரைச் சொல்லுங்கன்னு கேப்பால்லா. நான் எதுக்குன்னு கேக்க மாட்டேன். சத்தியமாக் கேக்க மாட்டேன். சாப்பிட்டியா, அங்க குளிரா இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு நம்பரைச் சொல்லிருவேன்.

என்ன, அப்படிப் பாக்கீங்க? அவங்ககிட்டதான் ரெண்டு கார்டு இருக்கே, உங்களோடதை எதுக்கு எடுக்கப் போறாங்கன்னுதானே? அது எனக்குத் தெரியாதா? இருக்கட்டும். ஆனா கார்டுன்னா என்னைக்காவது ஒரு நாள் மக்கர் பண்ணும்லா. எனக்குப் பண்ணலையா? புது ஊரு, புது மிஷினு, பாஷையும் தெரியாது. ரெண்டும் வேலை செய்யாமப் போறதுக்கு வழி இருக்குல்லா. ஒரே ஒரு தடவை போதும்.

வேலை செய்யாமப் போகும்னு சொல்லுங்க, அண்ணாச்சி.